கோபித்துக்கொள்ளாத தாய்மாமன்

முத்துப்பிரியா சொன்னது ஒரே ஒரு பொய். சொன்னபோது அது பொய்யாகவே அவளுக்குத் தெரியவில்லை. வம்பு அங்கேதான் பிறந்தது.

பொட்டிபுரத்தில் மாமனார் பெரியகருப்பன் வீட்டில், அவள் மகன் காசிமாயனுக்குக் காது குத்துகிற பேச்சு நடந்துகொண்டிருந்தது. பையனுக்கு இரண்டு வயது முடியப்போகிறது. குலதெய்வம் கோயிலில் முடி இறக்கி, காது குத்தி, சொந்தபந்தத்துக்குக் கறிச்சோறு போட வேண்டும். மாமியார் இல்லாத வீடு அது. ஆகவே நல்லது கெட்டதென்றால் போடியில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார் ஜோதி பஸ் ஏறி வந்து நாட்டாமை செய்வாள். அன்றைக்கும் வந்திருந்தாள். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவியபடி, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்.

“பாவம், பிரியாவுக்கு யாரு இருக்கா? தாய்மாமனுக்கு நாம எங்க போயித் தேட? எங்க வீட்டுக்காரரு மடியிலயே உக்கார வச்சுக் குத்திருவோம்.”

கேட்கிறவர்களுக்கு இது இரக்கம் மாதிரி இருக்கும். ஆனால் தாய்மாமன் மடி என்பது சும்மா ஒரு மடி இல்லை. அவன் சீர்த்தட்டோடு வருவான், அவனுக்கு மாலை போடுவார்கள், முதல் பந்தி அவனுக்கு. அந்த இடத்தில் நாத்தனார் புருஷன் உட்கார்ந்துவிட்டால், இந்தப் பிள்ளையின் ஆத்தாளுக்குப் பிறந்தவீடென்று ஒரு நாதியும் இல்லை என்பதை ஊர்கூட்டிச் சொன்ன மாதிரி. முத்துப்பிரியாவுக்கு அப்பா அம்மா இல்லை. ஆண்டிபட்டிச் சித்தி வீட்டில் வளர்ந்தாள். சித்தியும் கல்யாணத்தோடு கையைக் கழுவிவிட்டாள். ஜோதி சொன்னது உண்மைதான். உண்மை என்பதால்தான் சுருக்கென்று தைத்தது.

“ஏன், எங்க அண்ணன் இருக்காரே,” என்றாள் முத்துப்பிரியா.

சுண்ணாம்பு தடவிய விரல் நின்றது. “எந்த அண்ணன்?”

“ஜக்கையண்ணே. தூரத்துச் சொந்தம், அண்ணன் முறை. மலைக்கு ஜீப்பு ஓட்டுறாரு.”

“கல்யாணத்துல பாக்கலையே?”

“அப்ப மலை மெட்டுப் பாதையில மண்ணு சரிஞ்சு ரோட்டை அடைச்சுட்டாங்க மதினி.”

திண்ணக்கமாக வந்து விழுந்தது பதில். பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் பிரதீப்புக்குப் புரையேறியது. ஜக்கையண்ணனைத் தன் பெண்டாட்டி இந்த நிமிஷம் வரை கண்ணால் கண்டதில்லை என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

அந்த அண்ணன் கைபேசியில் கிடைத்தவர். நாலு பேர் ஓர் அணியாகச் சேர்ந்து ஆடுகிற துப்பாக்கி விளையாட்டு அது. விமானத்திலிருந்து ஒரு தீவில் குதித்து, கிடைத்த துப்பாக்கியைப் பொறுக்கிக்கொண்டு, எதிரே வருகிறவனையெல்லாம் சுட்டுவிட்டுக் கடைசிவரை உயிரோடு நிற்க வேண்டும். மாசமாக இருந்தபோது பொழுது போகட்டுமென்று பிரதீப்தான் கற்றுக்கொடுத்தான். ஒரு வாரத்தில் அவனையே சுட்டுத் தள்ளிவிட்டாள். அவன் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவளுக்கோ ‘ராணித்தேனீ’ என்ற பெயரும் அந்தப் பெயருக்கு ஓர் அணியும் சேர்ந்துவிட்டன.

‘மெட்டு ராஜா’ என்பது ஜக்கையன். காலையில் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கிற பெண்களை ஜீப்பில் ஏற்றிப்போய், சாயங்காலம் இறக்கிக் கொண்டுவருகிறவர். இடையில் தோட்டத்து நிழலில் சோலியில்லாமல் கிடப்பார். ‘எட்டு எம்.எம்’ என்பது சல்மான். போடியில் ஏலக்காய்க் கடையில் சல்லடை போட்டுத் தரம் பிரிக்கிற பையன். இருக்கிற காயிலேயே கொழுத்த காயின் அளவைத் தனக்குப் பெயராக வைத்துக்கொண்டான். நாலாவது லிங்கேஸ்வரன், மலை உச்சி மெட்டுக்கு அந்தப் பக்கம், மலையாளச் சீமைத் தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பு எரிக்கிறவன். அங்கேயே வளர்ந்ததால் பேச்சில் பாதி மலையாளம். முத்துப்பிரியா அவனுக்குச் சேச்சி.

மத்தியானம் பெரியகருப்பன் குறட்டைவிடத் தொடங்கியதும், பிள்ளையைத் தூங்கப்போட்டுவிட்டு, கொல்லையில் தண்ணீர்த்தொட்டி மேல் ஏறி உட்காருவாள். வீட்டில் அங்கேதான் சிக்னல்.

“அண்ணே, வலதுபக்கம் சுவத்துக்குப் பின்னால ஒருத்தன் நிக்கிறான். இன்னைக்கு எங்க மதினி என்ன சொல்லிருச்சு தெரியுமா?”

“மொதல்ல அவனச் சுடு ஆத்தா. அப்புறம் மதினியப் பாப்போம்.”

சுட்டுவிட்டு மீதியைச் சொல்லுவாள். இப்படியே ஜோதி எந்தக் குழம்பில் என்ன குறை கண்டாள் என்பது வரைக்கும் மலையிலும் போடியிலும் இருக்கிற மூன்று பேருக்கு அத்துப்படி. ஒருமுறை காய்ச்சலோடு விளையாட வந்தவளிடம், “கஞ்சி குடிச்சியாக்கா?” என்று கேட்டான் சல்மான். அன்றைக்கு வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. அவள் மைக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். அதற்குள் யாரோ அவளைச் சுட்டுவிட்டார்கள்.

இவ்வளவு பழகியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. போட்டோ அனுப்பக் கூடாது என்பது ராணித்தேனீ போட்ட சட்டம். ஊர் வாய்க்குப் பயந்துதான்.

பொய் சொன்ன மறுநாள், தீவில் நாலு பேரும் ஒரு ஓட்டு வீட்டுக்குள் பதுங்கியிருக்கும்போது, விஷயத்தை உடைத்தாள். மாமனாக வர வேண்டும், மடியில் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும், வராவிட்டால் தன் தலை ஊர்முன்னால் நிமிராது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மூன்று பேரும் அப்படியே அசையாமல் நின்றுவிட்டார்கள். அசையாமல் நிற்கிறவனை எதிராளி விடுவானா? நாலு பேரும் செத்தார்கள்.

பிறகு ஜக்கையன் சொன்னார். “தேதியச் சொல்லு தங்கச்சி.”

தேதியை மட்டுமா சொன்னாள்? குரல் பதிவில் கட்டளை கட்டளையாக அனுப்பினாள். “அண்ணே, அங்க யாரு என்ன பேசுனாலும் வாயத் திறக்கக் கூடாது. சிரிச்ச முகமா இருக்கணும். எதைக் குடுத்தாலும் சந்தோசம்னு வாங்கிக்கிரணும். சல்மான், நீ அண்ணனோட கூட்டாளி. லிங்கு, நீ பேசவே பேசாத, மலையாளம் வந்துரும்.” பொறுத்தார் பூமியாள்வார் என்று பழமொழி வேறு சொல்லி முடித்தாள். அதுதான் அவள் செய்த பெரிய தப்பு. மாமன் என்று ஒருத்தன் இல்லாமல் வளர்ந்தவளுக்குத்தான் அப்படி ஒரு தப்பு செய்ய வரும்.

காதுகுத்து அன்று மலையடிவாரக் கோயிலில் பந்தல் போட்டிருந்தது. பையனுக்கு மொட்டை அடித்து, சந்தனம் பூசியிருந்தார்கள். இளநீர்க்காய் மாதிரி ஒரு தலையோடு அவன் ஆத்தாள் இடுப்பில் உட்கார்ந்திருந்தான். ஆசாரி ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு, “மாமன் வந்தாச்சா?” என்று கேட்டார். ஜோதியின் வீட்டுக்காரர் பட்டுவேட்டி கட்டி, கூப்பிட்டால் போதும் என்கிற தோரணையில் மணைப்பலகைக்குப் பக்கத்திலேயே நின்றார்.

ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. ஜீப்பின் ஹாரன் சத்தம் கேட்டது.

ஒரு ஜீப்புக்குள் எத்தனை பேர் அடங்குவார்கள் என்பது போடிக்காரர்களுக்குத் தெரிந்த கணக்கு. மற்றவர்கள் நம்ப மாட்டார்கள். மூன்று ஆண்கள் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஜக்கையன் தினமும் ஏற்றிப்போகிற காய் எடுக்கிற பெண்கள் பட்டுச்சேலையில் வரிசையாக இறங்கினார்கள். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். ஆளுக்கொரு தட்டு. பழம், பலகாரம், பையனுக்குச் சட்டை, சின்னக் கம்மல். முதல் தட்டில் சல்மான் தன் கையால் காய் பொறுக்கிக் கோத்த ஏலக்காய் மாலை. வாசம் பந்தல் வரைக்கும் வந்தது.

முத்துப்பிரியா ஓடினாள். இரண்டு வருஷமாகக் காதில் கேட்ட அந்தக் கனத்த குரலுக்குத் தகுந்த உருவத்தைத் தேடினாள். மலைபோல் ஒருவன் நின்றான். நேரே அவனிடம் போய், “அண்ணே, வந்துட்டீகளா,” என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் குனிந்து, பச்சைப்பிள்ளைக் குரலில் கிசுகிசுத்தான். “சேச்சி, ஞான் லிங்கு. அண்ணன் அவரு.”

பக்கத்தில் ஒடிசலாக, மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் ஏலக்காய் மாலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றார். “கொஞ்சம் பெரிய ஆளா எதிர்பாத்தியாக்கும்?” என்றார். குரல் அதே குரல்தான்.

“என்ன பிரியா, சொந்த அண்ணனையே அடையாளம் தெரியலையா?” பின்னாலேயே வந்துவிட்டாள் ஜோதி.

“கண்ணுல தண்ணி மறைச்சிருச்சு மதினி,” என்றாள் முத்துப்பிரியா. அது ஒன்றும் பொய்யில்லை.

பெரியகருப்பன் வந்து வரவேற்றார். சல்மானைப் பார்த்து, “இது யாரு?” என்று கேட்டார். “கூட்டாளி” என்றார் ஜக்கையன். “மாமனுக்குக் கூட்டாளின்னா நமக்கும் மாப்ளைதான். வாங்க பாய் மாப்ளே,” என்று தோளில் கைபோட்டு அழைத்துப்போனார் பெரியவர். எல்லாம் சரியாகப் போகிறது என்று முத்துப்பிரியா மூச்சுவிட்டாள்.

ஆனால் ஜோதி சும்மா இருக்கவில்லை. சீர்த்தட்டை எதிர்கொள்ள மேளத்தை அனுப்ப வேண்டும். அனுப்பவில்லை. ஜக்கையன் சிரித்தார். மாமனுக்குப் போட வேண்டிய ரோஜா மாலை ஜோதி வீட்டுக்காரர் கழுத்துக்குப் போனது. ஜக்கையனுக்கு ஒரு துண்டு மட்டும் கிடைத்தது, அதுவும் சாயம் போனது. “சந்தோசம்” என்று வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வந்த பெண்களுக்குக் காப்பித்தண்ணி கொடுக்க ஆளில்லை. அவர்களும் சிரித்தார்கள். ஜீப்பில் வரும்போதே அவர்களுக்கும் பாடம் நடத்தியிருந்தார் ஜக்கையன்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பெரியகருப்பனின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. அவருக்கு மகள் மேல் கோபமில்லை. மாமன் மேல்தான் சந்தேகம்.

அந்தச் சீமையில் ஒரு விசேஷமென்றால் தாய்மாமன் கோபித்துக்கொள்ள வேண்டும். மேளம் வரவில்லை, மாலை சின்னதாகிவிட்டது, பந்தியில் இலை கிழிந்திருந்தது என்று ஏதாவது ஒரு சாக்கில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். பங்காளிகள் பின்னால் ஓடி, கையைப் பிடித்து, தாடையைத் தொட்டுக் கூட்டிவர வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்ணைக் கேட்க ஆளில்லை என்று நினைக்காதே என்பதை மாமன்மார் இப்படித்தான் சொல்லிவைப்பார்கள். தங்கச்சி மகள் சடங்கில் பெரியகருப்பனே வேண்டுமென்று கோபித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போனவர். அங்கே நின்று யாராவது வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தவர்.

“ஏன்டா, மேளம் இல்ல, சிரிக்கிறான். மாலை இல்ல, சிரிக்கிறான்,” என்று மகன் பிரதீப்பைத் தனியே இழுத்துக் கேட்டார். “ரோசம் இல்லாத மாமன நான் எங்கயும் பாத்ததில்ல. யாருடா இவன்?”

பிரதீப் வானத்தைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே தப்பிக்கிற வழி அது.

பெரியவர் மருமகளிடம் வந்தார். மணைப்பலகையில் பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். “ஆத்தா, நெசத்தச் சொல்லு. இவரு ஒனக்கு என்ன வேணும்? நடிக்கக் கூட்டியாந்த ஆளா?” சத்தம் போடாமல்தான் கேட்டார். ஆனால் பந்தலில் சத்தம் அடங்கியிருந்த நேரம் அது. முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்டது. முத்துப்பிரியா பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். தண்ணீர்த்தொட்டி மேல் உட்கார்ந்து சம்பாதித்த அண்ணன் என்று எப்படிச் சொல்வாள்?

ஜோதிக்கு அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. குனிந்து பிள்ளையைப் பிடுங்கினாள்.

“நீ எந்திரி பிரியா. அடுப்படியில ஏனம் கெடக்கு, போயிக் கழுவு. ஆளில்லாதவ ஆளில்லாதவ மாதிரி இருக்கணும். வாடகைக்கு அண்ணன் பிடிச்சா வந்துருமா? எங்க வீட்டுக்காரரு உக்காருவாரு.”

முத்துப்பிரியா எழுந்தாள். இப்படித்தான் முடியும் என்று உள்ளுக்குள் எங்கேயோ தெரிந்தே இருந்தவள் மாதிரி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

“தங்கச்சி, நில்லு.”

அந்தக் கனத்த குரல் பந்தல் முழுக்கக் கேட்டது. ஜக்கையன் முகத்தில் சிரிப்பில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முத்துப்பிரியா கண்ணால் வேண்டாம் என்றாள். அவர் பார்க்கவில்லை.

“மேளம் இல்ல, பொறுத்துக்கிட்டேன். மாலை இல்ல, அதுவும் போகட்டும்னு இருந்தேன். எந்தங்கச்சியப் பலகைய விட்டு எந்திரிக்கச் சொல்ல இங்க எவருக்கும் பாத்தியதை கெடையாது. அவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு வாய்க் கஞ்சி குடுத்தீகளா? அவ வச்ச குழம்பத் தின்னுட்டு அவளையே குறை சொன்னீகல்ல, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீகளா? ஒண்ணு விடாம எனக்குத் தெரியும்.”

“போன பொங்கலுக்குச் சேலை எடுத்துக் குடுத்துட்டு, சொல்லிச் சொல்லிக் காட்டுனதையும் கேளுங்கண்ணே,” என்றான் சல்மான். அவன் வாயில் அன்றைக்கு வந்த முதல் பேச்சு அது.

“அது சரியாயில்லா, கேட்டோ,” என்றான் லிங்கு, தடையை மீறி.

வீட்டு நாலு சுவருக்குள் சொன்னதெல்லாம் மலைக்கு மேலே எப்படி ஏறிப்போனது என்று ஜோதிக்கு விளங்கவில்லை.

“எடுங்கம்மா தட்ட,” என்றார் ஜக்கையன். அவர் சொல்லி முடிப்பதற்குள் காய் எடுக்கிற பெண்கள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டார்கள். பழம் போனது, பலகாரம் போனது, கம்மல் போனது, ஏலக்காய் மாலையும் வாசத்தோடு போனது. சாயம் போன துண்டை மட்டும் ஜக்கையன் உதறிப் பலகைமேல் போட்டுவிட்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

பந்தல் திகைத்து நின்றது. பெரியகருப்பன் முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம் வந்தது. “அடேய், மாமன் கோவிச்சுக்கிட்டுப் போறான்டா,” என்றார். குரலில் கவலையைவிடப் பூரிப்புதான் கூட இருந்தது. “அவன்தான்டா மாமன். ஓடுங்கடா, வெரசா ஓடுங்க. பிரியா, பிள்ளையத் தூக்கிட்டு நீ முன்னால போ ஆத்தா. மாமன் சாப்பிடாமப் போனா நம்ம குடும்பத்துக்கு ஆகாது.”

ஜோதியின் கையிலிருந்து அவரே பேரனை வாங்கி மருமகள் இடுப்பில் வைத்தார்.

முத்துப்பிரியா ஜீப்புக்குப் போனபோது எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. ஆனால் கியர் விழவில்லை. ஜக்கையன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே,” என்றாள் மெல்ல. “நெசமாவே கோவமா, இல்ல நடிப்பா?”

“கோவம் நெசந்தான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “பசியும் நெசந்தான். வெள்ளன கெளம்புனது, யாரும் பச்சத்தண்ணி குடிக்கல. எத்தன தடவ கூப்பிடுவாக?”

“மூணு தடவையாச்சும் கூப்பிடுவாக. மொதத் தடவையில எறங்கிட்டா மானம் போயிரும்.”

பின்சீட்டிலிருந்து லிங்கு பந்தல் பக்கமாக மூக்கை நீட்டினான். கறிக்குழம்பு வாசம் காற்றில் வந்தது. அவன் ஒரு காலை வெளியே வைத்தான். சல்மான் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தான்.

பெரியகருப்பன் வந்து கையைப் பிடித்தார். “மாப்ளே, எறங்குங்க.” ஜக்கையன் மலையைப் பார்த்தார். பிரதீப் வந்து, “மச்சான், தப்பா எடுத்துக்கிறாதீக,” என்றான். ஜக்கையன் அப்போதும் மலையைத்தான் பார்த்தார். ஊர்ப் பெரிய மனிதர்கள் நாலைந்து பேர் மேளத்தோடும் மாலையோடும் வந்தார்கள். அது மூன்றாவது தடவை. முத்துப்பிரியா அவருக்குக் கண்ணைக் காட்டினாள்.

ஜக்கையன் இறங்கவில்லை.

“எந்தங்கச்சி மொதல்ல பலகையில உக்காரட்டும்,” என்றார். “எந்திரிக்கச் சொன்னவுக வந்து கூப்பிடட்டும். அப்புறம் எறங்குறேன்.”

இது அவள் சொல்லிக்கொடுத்த பாடத்தில் இல்லை. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் தலையை ஆட்டினார், போ என்கிற மாதிரி.

பெரியகருப்பனே மருமகளை அழைத்துப்போய்ப் பலகையில் உட்கார வைத்தார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவள் தலை நிமிர்ந்து உட்கார்ந்தாள். எல்லாக் கண்ணும் ஜோதி மேல் இருந்தது. ஜோதி சேலையைச் சரிசெய்தாள், அப்பாவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். புருஷன் தன் கழுத்தில் கிடந்த ரோஜா மாலையை மெதுவாகக் கழற்றினார். வேறு வழியில்லாமல் அவள் ஜீப்பை நோக்கி நடந்தாள்.

பலகையில் உட்கார்ந்திருந்த முத்துப்பிரியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வயசில் அவளுக்காக யாரும் ஒரு வேளைச் சோற்றைத் தள்ளி வைத்ததில்லை. இப்போது அங்கே, கறிக்குழம்பு மணக்கிற தூரத்தில், ஒரு ஜீப்பு நிறைய ஆட்கள் அவளுக்காகப் பசியோடு கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஜோதி என்ன சொன்னாள் என்பது இங்கே கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் அணைகிற சத்தம் கேட்டது. முத்துப்பிரியா பிள்ளையின் கலைந்த சட்டையை இழுத்துவிட்டு, மாமன் மடிக்குத் தயாராக்கினாள்.